மச்சானின் பேட்டரி காரும் ஊர்ச் சிம்னியும்

கேள்வி இதுதான்: "எங்கள் ஊருக்கு நாலு கிலோமீட்டரில் அனல்மின் நிலையம். மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது. சென்னையில் இருக்கும் என் மச்சான் எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டு, 'என் காரில் புகையே கிடையாது, அரசாங்கமே வரியைக் குறைத்துக் கொடுக்கிறது' என்று பீற்றிக்கொள்கிறார். அந்தக் கரண்டு எங்கள் ஊரில் எரிகிற கரியிலிருந்துதானே போகிறது? புகை எங்களுக்கு, சலுகை அவருக்கா? இதனால் மாசு உண்மையிலேயே குறைகிறதா, இல்லை இடம்தான் மாறுகிறதா?"

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்று நழுவலாம். ஆனால் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட முடியும். நான் இருபத்தெட்டு வருடம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன், அதில் பாதி கண்ட்ரோல் ரூம் நைட் ஷிஃப்ட். இப்போது ஓட்டுவது பேட்டரி ஸ்கூட்டர். ஆக எனக்கு இரண்டு பக்கமும் சாய்வு உண்டு. கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கரியமில வாயு. மச்சானுடையது நம் ஊரில் அதிகம் விற்கிற நடுத்தர எஸ்யூவி என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும். 100 கிலோமீட்டருக்கு பேட்டரியிலிருந்து 14 யூனிட் சொச்சம் செலவாகிறது. சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும், அதனால் வீட்டு மீட்டரில் 16 ஓடியிருக்கும். மின்நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இழப்பு. அதையும் சேர்த்தால் நாங்கள் அங்கே உற்பத்தி செய்ய வேண்டியது 19 யூனிட். காரின் திரையில் தெரியும் 14-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த ஐந்து யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் கரி எரிகிறது.

இந்திய கிரிட்டில், அதாவது நாட்டின் மின்கட்டமைப்பில், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக எவ்வளவு கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் வெளியிடுகிறது. 2023–24 கணக்கு 0.727 கிலோ. அதற்கு முந்தைய வருடம் 0.716. ஆமாம், கூடியிருக்கிறது. சூரிய சக்தி இவ்வளவு வந்தும் வெயில் காலத் தேவை அதைவிட வேகமாக ஏறியதால் கரியும் கூடவே ஏறியது. 19-ஐ 0.727-ஆல் பெருக்கினால் 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சுரங்கம், ரயில், கப்பல் எல்லாம் சேர்த்து 14.5 கிலோ என்று வையுங்கள்.

அதே அளவு பெட்ரோல் கார் ஊருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. 100 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. கச்சா எண்ணெய் எடுப்பது, கப்பலில் கொண்டுவருவது, சுத்திகரிப்பது எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் மொத்தம் 19.5 கிலோ.

ஆக 100 கிலோமீட்டருக்கு ஐந்து கிலோ மிச்சம். மச்சான் ஜெயித்தார், ஆனால் அவர் சொன்ன அளவுக்கு அல்ல. அதோடு அந்த பேட்டரியைச் செய்யும்போதே 40 யூனிட் பிடிக்கிற பேட்டரிக்கு மூன்று டன் பக்கம் கரியமில வாயு போயிருக்கும். எந்த நாட்டில் செல் தயாரானது என்பதைப் பொறுத்து ஒரு டன் முன்னே பின்னே இருக்கலாம். அந்தக் கடனை அடைக்க அவர் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்து வருடம். அதற்குப் பிறகுதான் லாபம்.

இது என் கணக்கு மட்டுமில்லை. ஐசிசிடி என்ற ஆய்வு நிறுவனம் 2021-இல் காரின் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கிட்டு, பெட்ரோல் காரைவிட எலக்ட்ரிக் கார் ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் வரை குறைவாக உமிழ்கிறது என்றது. இந்தியாவுக்கு அது சொன்ன எண் 19 முதல் 34 சதவீதம். வித்தியாசத்துக்குக் காரணம் நிலக்கரி. நம் மின்சாரத்தில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு இன்னும் கரியிலிருந்துதான் வருகிறது. எதிர்ப்பக்கமும் ஆய்வு உண்டு: 2023-இல் ஐஐடி கான்பூரிலிருந்து வந்த ஒன்று, பெட்ரோல் இன்ஜினும் சின்ன பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் காரைவிட எலக்ட்ரிக் கார் கூடுதலாக உமிழ்கிறது என்றது. அதை வைத்துக் கொஞ்ச நாள் டி.வி.யில் சண்டை நடந்தது. என் கணக்கிலும் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தருகிற நல்ல ஹைபிரிட் 100 கிலோமீட்டருக்கு 12.5 கிலோவில் முடித்துவிடுகிறது. இன்றைய கிரிட்டில் அது மச்சானின் காரை முந்துகிறது. ஹைபிரிட் விற்கிற கம்பெனிகள் "எங்களுக்கும் சலுகை கொடு" என்று கேட்பதும், பேட்டரி கார் விற்கிற கம்பெனிகள் "கூடவே கூடாது" என்று நிற்பதும் இதனால்தான். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை நீக்கியபோது அந்தச் சண்டை நன்றாகவே வெளியே தெரிந்தது.

இதுவரை போட்டது சராசரிக் கணக்கு. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவனுக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. மச்சான் இரவு பதினோரு மணிக்குப் பிளக்கைச் சொருகினால் அந்தக் கூடுதல் லோடை அந்த நிமிடத்தில் எந்த மெஷின் தூக்குகிறது என்பதுதான் கேள்வி.

ஆடி மாத ராத்திரி ஒன்றைச் சொல்கிறேன். செங்கோட்டைக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். காற்றாலை மின்சாரம் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஏறிக்கொண்டே வரும். எந்த நிலையம் எவ்வளவு ஓட்ட வேண்டும் என்று சொல்கிற லோடு டெஸ்பாட்சிலிருந்து போன் வரும்: "சார், பேக் டவுன் பண்ணுங்க." 210 மெகாவாட் மெஷினை 180, 160 என்று இறக்குவோம். கரி அரைக்கிற மில் ஒன்றை நிறுத்துவோம். இன்னும் இறக்கச் சொல்வார்கள். குறைந்தபட்சம் 55 சதவீதம் என்று ஒரு எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே போனால் பாய்லருக்குள் தீ நிலைக்காது, எண்ணெய் ஊற்றித்தான் தாங்க வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் யாராவது ஆயிரம் பேர் காரைச் சொருகினால் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஐப்பசி மாத ராத்திரியில், காற்று படுத்துவிட்ட பிறகு, அதே ஆயிரம் பேர் சொருகினால் நாங்கள் நின்ற மில்லை மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் யூனிட் முழுக்க முழுக்கக் கரி. அப்போது யூனிட்டுக்கு 0.727 இல்லை, ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். மச்சானின் 14.5 கிலோ 19-ஐ நெருங்கிவிடும். பெட்ரோல் காருக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது.

அதே கார் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சார்ஜ் ஆனால் கதை வேறு. சில நாள் அந்த நேரத்தில் சூரிய மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். அப்படி வீணாகப் போக இருந்த யூனிட்டை அவர் கார் எடுத்துக்கொண்டால் உமிழ்வு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அதே வண்டி, அதே சாலை, நேரம் மட்டும்தான் வேறு. மானியம் தரும் எந்த ஆணையிலாவது "எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுகிறாய்" என்று ஒரு வரி இருக்கிறதா? கார் வாங்கும் சலுகையில் இல்லை. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரத்தை மலிவாகக் கொடு, மற்ற நேரத்தில் கூட்டி வாங்கு என்று மத்திய மின்துறை வழிகாட்டுதல் 2024 செப்டம்பரில் வந்தது. நல்ல யோசனை. ஆனால் நம் ஆட்களில் பெரும்பாலோர் சார்ஜ் போடுவது வீட்டில், வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு.

"எங்கள் ஊர்க் கரண்டுதானே அவர் காருக்குப் போகிறது" என்று கேட்டிருந்தீர்கள். அப்படிக் கோடு போட்டுச் சொல்ல முடியாது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைனில் தென்னிந்திய கிரிட்டை மற்ற கிரிட்டுகளோடு இணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே குளம். சத்தீஸ்கரில் எரிகிற கரியும் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாடியும் அதில்தான் கொட்டுகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் மாடியில் படிகிற சாம்பலுக்கு மச்சானின் கார் காரணமில்லை. இந்தியாவில் 2024-இல் விற்ற எலக்ட்ரிக் கார் சுமார் ஒரு லட்சம் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடினால் மொத்தமாக 23 கோடி யூனிட் வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரே ஒரு 210 மெகாவாட் மெஷின் முழு லோடில் 45 நாள் ஓடினால் அது முடிந்துவிடும். நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தாயிரத்தில் ஒன்று சொச்சம். உங்கள் ஊர்ச் சிம்னி புகைவது ஏ.சி.க்காகவும் மோட்டாருக்காகவும் ஆலைக்காகவும். கார் இல்லாவிட்டாலும் அது புகையும்.

ஆனால் கார் கூடக் கூட நிலைமை மாறும். அப்போது கரியமில வாயுவைவிட உங்களைப் பாதிக்கப்போவது கந்தகம். இந்த விவாதத்தில் யாரும் வாய் திறக்காத பகுதி இது.

பி.எஸ். 6 என்ற இன்றைய தரத்துப் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். 100 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் காரிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. நம் கரியில் கந்தகம் அரை சதவீதம் வரை இருக்கிறது. கந்தகம் நீக்கும் கருவி இல்லாத நிலையத்தில் யூனிட்டுக்கு ஐந்து முதல் ஏழு கிராம் வரை வெளியேறும். மச்சான் 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய 19 யூனிட்டில் நாலில் மூன்று பங்கு கரி என்றால் 70 முதல் 100 கிராம். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. கரியமில வாயுவில் கொஞ்சம் ஜெயித்த கார் இதில் படுதோல்வி அடைகிறது.

220 மீட்டர், 275 மீட்டர் உயரத்துக்குச் சிம்னி கட்டுவது மாசைக் குறைக்க என்று ஊரில் நினைக்கிறார்கள். உயரம் மாசைக் குறைப்பதில்லை, தூரமாக அனுப்புகிறது. அந்த வாயு காற்றில் போகப் போக சல்ஃபேட் என்ற நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவர் நுரையீரலில் இறங்கும். அமெரிக்காவில் நான்கு பொருளாதார அறிஞர்கள் 2016-இல் இதைத்தான் கணக்குப் போட்டார்கள். ஒரு மாநிலத்தில் எலக்ட்ரிக் கார் ஓடுவதால் வருகிற உள்ளூர் மாசுக் கெடுதியில் சுமார் 90 சதவீதம் மற்ற மாநிலங்களுக்குப் போகிறது என்று கண்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு காருக்கு 2,785 டாலர் மானியம் தருவது நியாயம், கரி எரிக்கும் வடக்கு டகோட்டாவில் காருக்கு 4,964 டாலர் வரி போட வேண்டும் என்று அவர்கள் கணக்கு சொன்னது. அமெரிக்க அரசோ நாடு முழுக்க ஒரே 7,500 டாலர் வரிச்சலுகையை வைத்திருந்தது. அதை 2025 செப்டம்பர் 30-உடன் நிறுத்தியும்விட்டார்கள், ஆனால் இந்தக் காரணத்துக்காக அல்ல.

கந்தகத்தைப் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக் கல்லை அரைத்துக் கரைத்து, புகை போகிற வழியில் மழை மாதிரித் தெளித்தால் கந்தகம் அதோடு சேர்ந்து ஜிப்சமாகக் கீழே இறங்கிவிடும். எஃப்.ஜி.டி. என்பார்கள். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எல்லா அனல்மின் நிலையங்களுக்கும் கந்தக வரம்பு வைத்து இரண்டு வருடம் கெடு கொடுத்தது. 2017 போனது. கெடு 2022 வரை தள்ளியது. பிறகு ஊருக்கு ஊர் தரம் பிரித்து மறுபடி தள்ளினார்கள், அதற்கப்புறம் மறுபடியும். 2025 ஜூலையில், பெரிய நகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் பத்து கிலோமீட்டருக்குள் இல்லாத நிலையங்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று ஆணை வந்தது. நாட்டில் உள்ள நிலையங்களில் 78 சதவீதம் அதில் அடங்கும். நம் கரியில் கந்தகம் குறைவு, செலவு ஜாஸ்தி, சுண்ணாம்புக் கல் தோண்டினால் அதற்கும் கரியமில வாயு என்று அரசு காரணம் சொன்னது. அந்தக் காரணங்களில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து கிலோமீட்டர் என்று கோடு போட்டது எந்தக் காற்றைக் கேட்டு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சாம்பல் கணக்கையும் கையோடு பார்த்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் கண்ணால் காண்பது அதுதான். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வருகிற கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். மச்சான் சென்னையிலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்பினால் எங்கேயோ ஒரு சாம்பல் குளத்தில் நாலு கிலோ சேரும், ஒரு சின்னப் பை நிறைய. அதில் சிம்னி வழியாக வெளியேறுவது மிகக் கொஞ்சம். மின்னியல் வடிகட்டி 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். பிடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் ஆற்றில் கொட்டும், குளம் காய்ந்தால் காற்றில் பறக்கும். எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலையாற்றிலும் சாம்பல் சேர்ந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. சாம்பல் குளத்தை ஒட்டியே இருக்கிற செப்பாக்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மாடிக்கு வருவதும் பெரும்பாலும் குளத்திலிருந்து கிளம்பும் தூசியாகத்தான் இருக்கும். ஆனி, ஆடியில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும்போது துணி அழுக்காகிறது என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். அதை நிறுத்தப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. குளத்தை ஈரமாக வைத்திருப்பது, சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உலர்வாக அள்ளிக் கொடுப்பது, துருப்பிடித்த குழாயைக் காலத்தோடு மாற்றுவது. எல்லாம் ஒழுங்காகப் பராமரித்தால் போதுமான வேலைகள்.

இனி மானியம். இதில் ஒரு தவறான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். மின்வாகனத்துக்கு மானியம் தந்த மத்திய அரசின் ஃபேம் திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2019 ஏப்ரலில் 10,000 கோடி ஒதுக்கீட்டோடு வந்த ஃபேம் 2-இல் சொந்த உபயோகக் காருக்கு ஒரு பைசா கிடையாது. ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், வாடகைக் கார் இவற்றுக்குத்தான். அதன் பிறகு 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ், 10,900 கோடி. அதிலும் சொந்தக் காருக்கு எதுவும் கிடையாது. மச்சானுக்குக் கிடைத்தது மானியம் அல்ல, வரித் தள்ளுபடி. அது பட்ஜெட்டில் செலவாகக் கண்ணில் படாது. அதனால் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

எவ்வளவு என்று பாருங்கள். எலக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு சின்ன பெட்ரோல் காருக்கு 18, பெரிய காருக்கு 40. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு பத்து முதல் இருபது லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். எலக்ட்ரிக் வாகனங்களுக்கு 2025 இறுதிவரை அதில் முழு விலக்கு என்றது 2023 கொள்கை. 14 லட்சம் ரூபாய் கார் என்றால் ஜி.எஸ்.டி.யில் ஒன்றே முக்கால் லட்சம், சாலை வரியில் இரண்டரை லட்சம், ஆக அரசு விட்டுக்கொடுத்தது நாலு லட்சத்துக்கு மேல். இந்தக் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, கிரிட்டும் வருடாவருடம் சுத்தமாகிக்கொண்டே போனால் ஆயுளில் மிச்சப்படுத்துவது ஒன்பது, பத்து டன். டன்னுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறோம்.

பக்கத்தில் இன்னொரு திட்டத்தை வையுங்கள். 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் மாடி சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். அது வருடத்துக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் தரும். அது மிச்சப்படுத்துவது இன்றைய கணக்கில் வருடம் மூன்று டன், இருபது வருடத்துக்கு. கிரிட் சுத்தமாகும்போது அந்த மிச்சம் குறையும் என்று பாதியாக வெட்டினாலும் டன்னுக்கு மூவாயிரம் ரூபாயைத் தாண்டாது.

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது நடுத்தரக் காரின் மேல் இல்லை. சதவீதக் கணக்கில் சலுகை கொடுத்தால் காரின் விலை ஏற ஏறச் சலுகையும் ஏறும். அறுபது லட்சம் ரூபாய் எலக்ட்ரிக் எஸ்யூவிக்கு 40-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இருபது லட்சம். சாலை வரி விலக்கு அதற்கு மேல். அந்த வண்டி இரண்டரை டன் எடை, யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் அதிசயம். 100 கிலோமீட்டருக்கு அதன் கரியமில வாயு 20 கிலோவைத் தொடும். லிட்டருக்கு 19 கிலோமீட்டர் தருகிற ஒரு சின்ன பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 14.5 கிலோதான் விடுகிறது. அந்தச் சின்ன காரை மாதத் தவணையில் வாங்கிய வாத்தியார் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சாலை வரியும் கட்டுகிறார். அவரைவிட அதிகமாகப் புகைவிடுகிறவருக்கு அரசு இருபது லட்சத்தை விட்டுக்கொடுக்கிறது. எந்தக் கணக்கில் இது சுற்றுச்சூழல் கொள்கை?

ஸ்கூட்டரைப் பாருங்கள், எல்லாம் தலைகீழ். பேட்டரி ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும். எல்லா இழப்பும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மூன்றரை கிலோ கரியமில வாயு. பெட்ரோல் ஸ்கூட்டர் ஆறு கிலோ. கிட்டத்தட்டப் பாதி. பேட்டரி மூன்று யூனிட்தான், அதைச் செய்த கடன் ஒரு வருடத்துக்குள் அடைந்துவிடும். மத்திய அரசு 2021 ஜூனில் ஒரு யூனிட் பேட்டரிக்கு 15,000 ரூபாய் வரை கொடுத்தது, 2023 ஜூனில் 10,000 ஆக்கியது, பி.எம். இ-டிரைவில் 5,000 ஆகி அடுத்த வருடம் 2,500-க்கு வந்தது. எங்கே பலன் அதிகமோ அங்கே வெட்டு, எங்கே பலன் குறைவோ அங்கே வரித் தள்ளுபடி தொடர்கிறது. ஸ்கூட்டர் விலையே குறைந்துவிட்டது, அதனால் வெட்டினோம் என்பார்கள். அதுவும் உண்மைதான்.

சலுகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆதரிப்பவர்கள் சொல்வதில் இரண்டு வாதங்களை என்னால் தள்ள முடியவில்லை. ஒன்று, பேட்டரி விலை. உலக நாடுகள் ஆரம்பத்தில் நஷ்டப்பட்டு வாங்கியதால்தான் 2010-இல் ஒரு யூனிட் பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது 2024-இல் 115 டாலருக்கு வந்தது. இன்று என் ஸ்கூட்டர் எனக்குக் கட்டுப்படியாவது அந்தப் பணத்தில்தான். இரண்டாவது, பெட்ரோல் கார் வயதாக வயதாக மோசமாகத்தான் ஆகும். எலக்ட்ரிக் காரோ, கிரிட்டில் ஒவ்வொரு சோலார் பூங்கா சேரும்போதும் தானாகச் சுத்தமாகிறது, மச்சான் ஒரு போல்ட்டைக்கூடத் திருக வேண்டாம். இதோடு, மவுண்ட் ரோடு சிக்னலில் குழந்தை மூக்குக்கு நேரே வருகிற புகையையும் 275 மீட்டர் உயரத்தில் போகிற புகையையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பார்கள். ஊர்க்காரனாக நீங்கள் அதைக் கேட்டு வெறுத்துப்போவீர்கள், ஆனால் நெரிசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினால் அதிலும் நியாயம் இருக்கிறது.

பஸ் பற்றி ஒரு வரி. சென்னையில் 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. கரியமில வாயுவில் டீசல் பஸ்ஸுக்கும் அதற்கும் இன்று பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் பஸ் என்பதே பல கார்களுக்குப் பதில் என்பதால் அங்கே போகிற பணத்தை நான் கேள்வி கேட்க மாட்டேன்.

என் கையில் விட்டால் என்ன செய்வேன்? ஜி.எஸ்.டி. சலுகைக்கு ஒரு ரூபாய் உச்சவரம்பு வைப்பேன், வண்டி எந்த விலையானாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தள்ளுபடி கிடையாது. பெரிய வண்டிகளில் மிஞ்சுகிற பணத்தை எஃப்.ஜி.டி.க்கும் சாம்பல் குளத்துக்கும் என்று பெயர் எழுதி ஒதுக்குவேன். சலுகை வாங்குகிற ஒவ்வொருவரும் வீட்டு மீட்டரைப் பகல்–இரவு விலை வித்தியாசம் காட்டுகிற ஸ்மார்ட் மீட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பேன். மூன்றுமே புதிய விஞ்ஞானம் இல்லை.

மச்சானிடம் சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுறீங்க?" என் மருமகனிடம் நான் அதைத்தான் கேட்டேன். அவன் ராத்திரி பத்தரைக்கு என்றான். ஆப்பில் டைமர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், இருந்தது. இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிகிற மாதிரி வைத்திருக்கிறான். வார நாட்களில் ஆபீஸ் பார்க்கிங்கில் பாயிண்ட் கேட்டு மனு கொடுத்திருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை.